மறுகா

ராஜினாமாக் கடிதத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு
பதினொரு நாள் படுத்தே கிடந்தேன்.
பின்வளவுக்கு அப்பால் கிரான்குளத்துக் கடல்
தன்பாட்டுக்கு இரைந்தது.
ஒவ்வொரு அலையையும்
தவணை தவணையாய் எண்ணியது மண்டை.

பன்னிரண்டாம் நாள் எழும்பித் தலைமுழுகினேன்.
அதை ஒரு செய்தியாக
வேலிக்கு மேலால் அறிவித்தா அம்மா.

நாலரை வருடம்
எழுவான்கரையில் விடிந்து
படுவான்கரையில் பொழுதுபட்டது எனக்கு.
மண்முனைப் பாலத்தில் ஸ்கூட்டி ஏறும்போது
வாவி என்ன நிறம் என்று கேட்டிருந்தால்
சிவப்பு என்றிருப்பேன்.
நிலுவைப் பட்டியல் அந்த நிறத்தில்தான் மின்னும்.

செவ்வாய் முனைக்காடு.
புதன் அரசடித்தீவு.
பாயில் வட்டமாய்ப் பெண்கள்,
ஒருத்தி கடனுக்கு மற்றவர்கள் பிணை.
ஒருத்தி வராவிட்டால் ஒருவரும் எழும்ப ஏலாது.
நானும்தான்.

"மறுகா தாறன் பிள்ள"
என்பா யோகமலர் அக்கா.
வேளாண்மை வெட்டி, மறுகா.
கன்றை வித்து, மறுகா.
கட்டாரிலிருந்து மகன் அனுப்பி, மறுகா.
மறுகா என்ற சொல்லுக்கு
எங்கள் மென்பொருளில் கட்டம் இல்லை.
'தவறியவர்' என்று போட்டேன்.

நானும் சொன்ன சொல்தான் அது.
பள்ளிக்கூடத்தில் படம் கீறிப்
பரிசு வாங்கியவள்.
வேலை நிரந்தரமாகட்டும், மறுகா.
இந்த மாத இலக்கு முடியட்டும், மறுகா.
ஒரு போயா விடுமுறைக்கு
அலுமாரிக்கு மேலிருந்த வர்ணப் பெட்டியை இறக்கினால்
நீலம் வெடித்துப் போய்
ஆவணி மாதக் குளம்.
அப்படியே மூடிவைத்தேன்.

கடைசியில் என்னதான் நடந்தது என்கிறார்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.
கொக்கட்டிச்சோலைச் சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்தி
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல்
முக்கால் மணித்தியாலம் நின்றேன்.
வெள்ளரிப்பழம் விற்றவர் தண்ணி தந்தார்.
அவ்வளவுதான்.

பைக்குள் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம்
திருப்பிக் கொடுக்க மறந்து தங்கிவிட்டது.
கறன்ட் போன ஒரு மத்தியானம்
பழக்கதோசத்தில் காபன் தாளை இடையில் செருகி
திகதி எழுதப் போன பேனை
ஒரு பெருவிரலைக் கீறியது.

யாருடையதென்று முதலில் எனக்கே விளங்கவில்லை.
நகத்தின் ஓரம் பிளந்திருந்தது.
மறுகா சுணை தின்ற தோல்.
மறுகா மணிக்கட்டு,
அடகுக்குப் போன காப்பின் இடத்தில்
வெளிறிய ஒரு வளையம்.
யோகமலர் அக்காவின் கை.

'தொகை' என்ற கட்டத்துக்குள்
அந்தக் கை அடங்கவில்லை.
'பெற்றுக்கொண்டவர்' கோட்டைத் தாண்டிப் போனது முழங்கை.
நல்ல படம் என்று சொல்ல மாட்டேன்,
இரண்டு விரல் வாழைக்காய்.
ஆனால் தாளைத் தூக்கினால்
அடியில் நீலமாய் இன்னொரு கை.
நான் அழுத்தின இடம் மட்டும் விழுந்து
பயந்து கீறின இடமெல்லாம் விழாமல்.
மேலே கிடந்ததைவிட
அதைத்தான் நம்பலாம் போலிருந்தது.

அந்தக் கைகளை ஒருநாளும் பார்த்ததில்லை
என்றே நினைத்திருந்தேன்.
காசு எண்ணின கண்
களவாய் இதையும் எண்ணியிருக்கிறது.

வெட்கமும் சந்தோசமும்
ஒரே நேரத்தில் வந்தால் ஒருத்தி என்ன செய்வாள்?
தேத்தண்ணி போட்டேன்.
சீனி கூடிப்போயிற்று.

நேற்றோடு இருபத்தாறு தாள்.
எல்லாம் கைகள். ஒன்றில் மட்டும் ஒரு குதிக்கால்,
அது எப்படி வந்ததோ தெரியாது.

நேற்றுத்தான்
ஸ்கூட்டி லீசிங் கொம்பனிப் பெடியன்
படலையில் வந்து நின்றான்.
கழுத்துப்பட்டியில் வேர்வை உப்பு.
இரண்டு மாத நிலுவை என்றான்
என்னைப் பார்க்காமல்.
"மறுகா தாறன் தம்பி" என்றேன்.
இல்லாத கட்டத்தைத் தேடி
கைபேசியை மேலும் கீழும் தடவினான்.

அந்தப் பெருவிரலையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.